ஜெர்மனிக்காகக் கூட்டியவள்

என் தம்பி யூலியன் கட்டிக்கொண்டு வந்த பெண் ஜெர்மனிக்காகக் கூட்டுகிறவள் என்று, ஒஸ்லோவில் நாங்கள் இருக்கிற ட்வெய்ட்டா முழுக்கக் கதை. கடைத்தொகுதிக்கு மரக்கறி வாங்கப் போனாலும் சரி, பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றாலும் சரி, யாராவது ஒருத்தி கிட்ட வந்து, "என்ன அருள்ராணி, உம்மடை மச்சாள் இந்தக் கிழமை எந்த நாட்டிலை கூட்டுறா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவாள். தும்புத்தடியோடு விமானம் ஏறுகிற பெண்ணை அவர்கள் அதற்கு முன் கண்டதில்லை. நானும்தான் கண்டதில்லை. ஆனால் எங்கள் வீட்டுப் பெண்ணை நான் பகிடி பண்ணலாம், மற்றவள் பண்ணினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "உங்கடை மோன் ஒஸ்லோவுக்காக என்ன செய்யிறான்? சோபாவிலை படுக்கிறான். இவள் ஒரு நாட்டுக்காகக் கூட்டுறாள்" என்று ஒருமுறை மேரியம்மாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அந்த வருட நத்தார் வரை மேரியம்மா என்னோடு கதைக்கவில்லை.

விளையாட்டின் பெயர் கர்லிங். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நீளமான பனிக்கட்டித் தரை. ஒரு முனையில் இருந்து ஒருத்தி, கைபிடி வைத்த கருங்கல் ஒன்றைப் பிடித்தபடி வழுக்கிக்கொண்டே வந்து, ஒரு கோட்டுக்கு முன்னால் கையை விட்டுவிடுவாள். கல் நாலு வயதுப் பிள்ளையின் பாரம் இருக்கும். அது மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டு மறுமுனைக்குப் போகும். அங்கே தரையில் வட்டத்துக்குள் வட்டமாகக் கீறியிருக்கும். யாருடைய கல் நடுவுக்குக் கிட்ட நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. கல் போகும்போது இரண்டு பேர் அதற்கு முன்னால் ஓடி ஓடித் தும்புத்தடியால் பனியைத் தேய்ப்பார்கள். தேய்த்தால் கல் கூடத் தூரம் போகும், நேராகவும் போகும். எங்கள் றெபேக்கா அப்படித் தேய்க்கிறவள்.

இதில் எனக்கு முதலில் விளங்காதது ஒன்று. தேய்க்கிறவர்களின் தடியோ காலோ ஓடுகிற கல்லில் பட்டுவிட்டால் அந்தக் கல் பழுது, எடுத்துவிடவேண்டும். ஆனால் அதைப் பார்த்து விசில் ஊத ஒருவரும் இல்லை. பட்டவளே கையைத் தூக்கி "நான்தான், பட்டுவிட்டது" என்று சொல்லவேண்டும். எதிரணிக்குச் சந்தேகம் வந்தால் ஒருமுறை கேட்பார்கள். "இல்லை" என்று சொன்னால் அதோடு கதை முடிந்தது. இரண்டாம் முறை கேட்பது மரியாதை இல்லை.

"அப்ப பொய் சொன்னால்?" என்று நான் கேட்டேன்.

றெபேக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கோயிலுக்குள் செருப்போடு போனவளைப் பார்ப்பதுபோல. "அப்பிடி ஒருத்தரும் செய்யிறேல்லை மச்சாள்" என்றாள்.

அவள் பிறந்தது ஊர்காவற்றுறையில். 1985இல், ஏழு வயதில், தாய் தகப்பனோடு ஜெர்மனிக்குப் போனாள். தெற்கே மலையடிவாரத்தில் இருந்த ஒரு சின்ன நகரத்து அகதி விடுதியில் அவர்களைக் கொண்டுபோய் விட்டார்கள். அனுமதி எடுக்காமல் அந்த மாவட்டத்தைத் தாண்டிப் போகக் கூடாது. தகப்பன் யேசுரட்ணத்தைக் கொஞ்ச நாளைக்கு ஒருமுறை அகதி விசாரணைக் கந்தோருக்குக் கூப்பிடுவார்கள். எந்த இராணுவ முகாம், எந்தத் திகதி, அடித்தவன் எப்படி இருந்தான்? சொன்னதையே திரும்பச் சொன்னால், "பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்." ஒரு சொல் மாறிப்போனால், "போனமுறை வேறு மாதிரிச் சொன்னீரே." சிறுபிள்ளை பக்கத்துக் கதிரையில் இருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள். எந்த விடியலில் வந்து ஏற்றி அனுப்புவார்களோ என்ற பயத்தில் தாய் எப்போதும் ஒரு பையை அடுக்கியே வைத்திருப்பாளாம். கதவு தட்டினால் மூன்று பேரும் மூச்சுக்கூட விடமாட்டார்கள்.

விடுதிக்குப் பக்கத்தில் ஒரு பனிமண்டபம். பள்ளிக்கூடத்தில் இருந்து அங்கே கூட்டிக்கொண்டு போனார்கள், இவளும் போனாள். முதலாவது பிள்ளைகள் போட்டியில் எதிரணிப் பெண் ஒருத்தி, றெபேக்காவின் கால் கல்லில் பட்டது என்று அழுதாள். பயிற்சியாளர் வந்து இவளிடம், "பட்டதா?" என்று கேட்டார். "இல்லை" என்றாள். "சரி" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அவ்வளவுதான். அன்று வீட்டுக்கு ஓடிப்போய், "அப்பா, நான் இல்லையெண்டு சொன்னனான், அவை நம்பிப்போட்டினம்!" என்று துள்ளினாளாம். தகப்பன் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

இதை அவள் எனக்குச் சொன்னபோது நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். நல்லதாய்ப் போயிற்று, கண்ணுக்குச் சாட்டு இருந்தது.

பிறகு வளர்ந்தாள், ஜெர்மன் கடவுச்சீட்டு எடுத்தாள், 2001இல் ஜெர்மன் பெண்கள் அணிக்குள் வந்தாள். வந்தாள் என்றால், ஐந்தாவது ஆளாக. நாலு பேர்தான் விளையாடுவது. ஐந்தாவது ஆள் யாருக்காவது காய்ச்சல் வந்தால் இறங்குவதற்காக ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருப்பாள். எங்கள் பெண்ணின் காலத்தில் அந்த நாலு பேருக்கும் ஒரு தடிமன்கூட வரவில்லை, அறுவார்! அவள் ஊர் ஊராகப் போய் வாங்கில் இருந்துவிட்டு வந்தாள். அப்படி ஒஸ்லோவுக்கு ஒரு போட்டிக்கு வந்தபோது அணிகளை ஏற்றிக்கொண்டு போன பேருந்துக்குச் சாரதி என் தம்பி. பனியில் ஓடித் திரிகிறவள் பேருந்துப் படியில் வழுக்கி, "ஐயோ மாதாவே!" என்று கத்தியிருக்கிறாள். யூலியன் திரும்பிப் பார்த்தான். மிச்சத்தை அவனிடம் கேட்டால் ஒரு மணித்தியாலம் சொல்லுவான். 2003இல் கலியாணம் நடந்தது. எங்கள் தொடர்மாடியிலேயே எனக்கு இரண்டு மாடி மேலே குடிவந்தார்கள். அவளுக்கு ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளர் வேலை கிடைத்தது. வேலை முடிய இங்கே பயிற்சி, போட்டி வந்தால் ஜெர்மனிக்குப் பறப்பு.

2006 வசந்தத்தில் அணித்தலைவி உல்ரீக்கே தொலைபேசி எடுத்தாள். ஒருத்திக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது, இனி நீதான் முதல் கல் விடுகிற ஆள் என்றாள். றெபேக்கா படியிறங்கி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுற்றினாள். இருபத்தெட்டு வயதுப் பெண், குழந்தைபோல. மார்கழியில் ஐரோப்பியப் போட்டி. ஜெர்மனியில் இருந்து அதற்குப் போக இரண்டு அணிகளுக்குத் தகுதி இருந்தது. கார்த்திகையில் ஒஸ்லோவில் நடக்கிற போட்டிக்கு இரண்டுமே வரும், இங்கே எது முன்னுக்கு வருகிறதோ அதுதான் போகும் என்று அவர்களுடைய சங்கம் சொல்லிவிட்டது. வாங்கில் இருந்தே வயது போய்விடும் என்று பயந்துகொண்டிருந்தவளுக்கு ஒரேயொரு கதவு திறந்தது.

புரட்டாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. யூலியன் வேலைக்குப் போயிருந்தான். நானும் றெபேக்காவும் என் குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தோம். அவள் அடுப்படியில் வெறுங்காலோடு நின்று, ஜெர்மன் கோச் எப்படி மூக்கை உறிஞ்சுவார் என்று நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் சிரித்த சிரிப்பில் வடை ஒன்று கையில் இருந்து நழுவி எண்ணெய்க்குள் விழுந்தது. என் முழங்கை தட்டிச் சட்டி சரிய, கொதிக்கிற எண்ணெய் விளிம்பைத் தாண்டி அவளுடைய இடது காலில் கொட்டியது. ஒரு துளி இரண்டு துளி இல்லை, பாதம் முழுக்க.

அவள் கதையை நிற்பாட்டவில்லை. மூக்கை உறிஞ்சிக் காட்டிவிட்டுச் சிரித்தாள்.

பாதத்துத் தோல் சிவந்து, என் கண்ணுக்கு முன்னாலேயே பொங்கிக்கொண்டு வருகிறது. அவள் சிரிக்கிறாள். "கால்... கால்!" என்று கத்தினேன்.

"என்ன கால்?" என்று கேட்டுவிட்டுக் குனிந்து பார்த்தாள். பார்த்த பிறகுதான், "ஆ" என்றாள். அந்த "ஆ" எனக்காகச் சொன்னது. நான் வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறவள். நொந்தவர்களுடைய சத்தம் எனக்குத் தெரியும், அது அந்தச் சத்தம் இல்லை.

காலைக் குளிர்தண்ணீரில் வைத்துவிட்டு முன்னால் குந்தினேன். "எத்தினை நாளா?" என்றேன்.

முதலில் மழுப்பினாள். பனியில் நிற்கிற காலுக்கு விறைப்பு சகஜம் மச்சாள், சின்ன வயதில் இருந்து விறைக்கும், சூட்டுக்குள் வந்தால் தெளிந்துவிடும் என்றாள். "இது தெளியேல்லையே?" என்று கேட்டேன். தண்ணீருக்குள் கைவிட்டுக் கால்விரல்களைத் தடவினாள்.

"வைகாசியிலை இருந்து தெளியேல்லை. விரல் மட்டும்தான். மற்றக் கால் நல்லாத்தான் இருக்கு."

"விரல் மட்டுமோ? எண்ணெய் விரலிலையே ஊத்தினது? உனக்கென்ன விசரே? நாளைக்கே ஃபாஸ்ட்லேகயிட்டைப் போறம்" என்றேன். இங்கே எல்லாருக்கும் ஒரு குடும்ப வைத்தியர் உண்டு, அவரைத்தான் சொன்னேன்.

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ஈரக் கை. "மச்சாள், போனால் ஒரு பேர் சொல்லுவினம். பேர் சொன்னால் அணியிலை வைச்சிருக்கமாட்டினம். கார்த்திகை வரைக்கும் விடுங்கோ. யூலியனுக்கும் சொல்லாதேங்கோ, அவர் அழுதே காட்டிக்குடுத்துப்போடுவார். அஞ்சு வருசம் வாங்கிலை இருந்தனான் மச்சாள்."

நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நொர்வேஜியக் கிழவி சுவரில் தட்டினாள். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். ஒஸ்லோப் போட்டி முடிந்த அன்றைக்கே அவள் யூலியனிடம் வாய் திறக்கவேண்டும், இல்லாவிட்டால் நான் திறப்பேன். அதுவரைக்கும் எண்ணெய் சுட்டதை மட்டும் அவனுக்குச் சொல்வது, மற்றதற்கு என் வாய்க்குப் பூட்டு. பூட்டுப் போட்டுக்கொண்டு எப்படி நித்திரை கொள்வது என்று மட்டும் ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அந்த இலையுதிர்காலம் முழுக்க நான் மனிதர்களின் முகத்தையே பார்க்கவில்லை, அவளுடைய காலைத்தான் பார்த்தேன். படியிறங்கினால் பார்த்தேன், பஸ் ஏறினால் பார்த்தேன். முதல் உறைபனி விழுந்து நடைபாதை கண்ணாடிபோல ஆனதும் எனக்கு ஈரல்குலை நடுங்கத் தொடங்கிவிட்டது. நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் மாரியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்தவள். சப்பாத்துக்கு அடியில் ஆணிப்பட்டி கட்டாமல் இன்றைக்கும் வெளியே போகமாட்டேன். அவளோ, தன் கால் எங்கே ஊன்றுகிறது என்று தெரியாத பெண், வேண்டுமென்றே பனிக்குத் தேடிப் போகிறாள். அதுவும் அந்த இடது காலுக்குத்தான் வழுக்குகிற சப்பாத்து. கல்லை விடும்போது உடம்பின் பாரம் முழுக்க அந்தக் காலில்தான்.

ஐப்பசியில் ஒருநாள் லிஃப்டுக்குள் ஒரு வீட்டுச்செருப்பு தனியாகக் கிடந்தது. நீலச் செருப்பு, நான் வாங்கிக் கொடுத்தது. எடுத்துக்கொண்டு ஏழாம் மாடிக்குப் போனேன். இறங்கும்போதே செருப்பு கழன்றது தெரியாமல் கீழே குப்பை போட்டுவிட்டு வந்த றெபேக்கா கதவைத் திறந்தாள். ஒரு காலில் செருப்பு, மற்றக் கால் வெறுங்கால், அதில் ஈரமும் சேறும், ஒரு விரலில் இருந்து இரத்தம். வாசலில் இருந்து கோடுபோல இரத்தம் குசினி வரை போயிருந்தது. அவளுக்கு ஒன்றும் தெரியாது. "என்ன மச்சாள், பேயைக் கண்டமாதிரி நிக்கிறியள்?" என்று என்னைக் கேட்கிறாள்!

நான் தரையைக் காட்டினேன். அவள் இரத்தத்தைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அன்று அவள் சிரிக்கவில்லை. இருவருமாகத் துணி எடுத்து, யூலியன் வருவதற்கு முன் தரையைத் துடைத்தோம்.

"பயமா இருக்கா பிள்ளை?" என்று கேட்டேன்.

"ஓம். உங்களுக்குச் சொல்லுறன், எனக்கு மற்ற எல்லா இடத்திலையும் சின்னனிலை இருந்தே பயம்தான். கதவு தட்டினால் பயம், கந்தோர்க் கடிதம் வந்தால் பயம். ஐசிலை மட்டும்தான் பயமில்லாமல் இருந்தனான். இப்ப அங்கையும் வந்திட்டுது" என்றாள்.

நான் மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தேன். என்ன நேர்த்தி என்று சொல்லமாட்டேன், அது எனக்கும் மாதாவுக்கும் உள்ள கதை.

கார்த்திகை வந்தது. போட்டி ஒரு சின்ன மண்டபத்தில். பனித்தரைக்கு ஓரமாக வாங்குகள் போட்டிருந்தார்கள், நடுவில் இடுப்பளவு தடுப்பு மட்டும்தான். யூலியன் லீவு எடுத்துக்கொண்டு வந்தான், ஜெர்மன் கொடியும் கொண்டுவந்தான், மொக்கன். எனக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஒவ்வொரு கல்லுக்கும் என் தொடையில் அடித்தான். நான் செபமாலையை ஜக்கெற் பொக்கற்றுக்குள் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு நாளும் நன்றாகப் போனது. கடைசி நாள், இரண்டு ஜெர்மன் அணிகளும் நேருக்கு நேர். வென்றவர்கள் ஐரோப்பியப் போட்டிக்கு, தோற்றவர்கள் வீட்டுக்கு.

அவள் அன்று ஓடிய ஓட்டத்தைப் பார்த்திருக்கவேண்டும். காலைக் கண்ணால் பார்த்துப் பார்த்து வைத்தாள். மற்றப் பெண்கள் கல்லைப் பார்த்துக்கொண்டு ஓட, இவள் கல்லையும் பார்க்கவேண்டும், தன் காலையும் பார்க்கவேண்டும். அது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் அவள் திரும்பி நடந்து வரும்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

கடைசிச் சுற்று, கடைசிக் கல். எதிரணியின் கல் ஒன்று நடுவுக்குக் கிட்ட நின்றது. உல்ரீக்கேயின் கல் அதைவிடக் கிட்டப் போய் நின்றால் வெற்றி. உல்ரீக்கே கல்லை விட்டாள். றெபேக்காவும் ஸில்கெ என்ற பெண்ணும் முன்னால் ஓடித் தேய்த்தார்கள். மறுமுனையில் எதிரணித் தலைவி, நல்ல உயரமான பெண், வட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உல்ரீக்கே பின்னால் இருந்து கத்தினாள், இவர்கள் இன்னும் குனிந்து தேய்த்தார்கள். வட்டத்துக்குள் நுழைகிற இடத்தில் கல் ஒருக்கால் துடித்தது. துடித்தது என்றுதான் சொல்லவேண்டும், கண் இமை துடிக்கிறமாதிரி. பிறகு தன்பாட்டில் போய், சரியாக நடுவில் நின்றது.

யூலியன் கொடியோடு எழும்பிவிட்டான். ஸில்கெ தடியை மேலே தூக்கினாள். அப்போது அந்த உயரமான பெண் மெதுவாகக் கையை உயர்த்தி, என்னவோ கேட்டாள். கோபமாக இல்லை, சாதாரணமாக. "கல்லிலை பட்டதோ எண்டு கேக்கிறா" என்றான், றெபேக்காவிடம் ஜெர்மன் பழகியிருந்த யூலியன். சிரித்துக்கொண்டே சொன்னான், அவனுக்கென்ன தெரியும்?

ஸில்கெ உடனே தலையை ஆட்டி, "என்னில் இல்லை" என்றாள். எல்லாரும் றெபேக்காவைப் பார்த்தார்கள். இல்லை என்று ஒரு சொல். அதைச் சொன்னால் முடிந்தது. இருபது வருடமாகப் பனியில் நிற்கிறவள், ஒருவரும் இரண்டாம் முறை கேட்கமாட்டார்கள். "சொல்லு, சொல்லடி" என்று நான் வாய்க்குள் முணுமுணுத்தேன். மாதாவே, இந்தப் பிள்ளை 'இல்லை' என்று சொல்லவேண்டும் என்று செபித்தேன். அது பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை என்றுதான் செபித்தேன்.

அவள் கீழே, தன் இடது காலைப் பார்த்தாள். கால் ஏதோ பதில் சொல்லும் என்பதுபோல நின்று பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அந்த உயரமான பெண்ணிடம் ஒரு வசனம் சொன்னாள். எனக்கு ஜெர்மன் தெரியாது. ஆனால் நொர்வேஜிய மொழிக்குப் பக்கத்து மொழி என்றபடியால் அந்த வசனம் விளங்கியது. "எனக்குத் தெரியாது" என்றாள்.

உல்ரீக்கே மறுமுனையில் இருந்து வழுக்கிக்கொண்டு வந்தாள். முதலில் சிரித்தாள். "உன் கால்தானே, உனக்கு எப்படித் தெரியாமல் போகும்? ஓம் அல்லது இல்லை" என்று கேட்டாள். யூலியன் இதை எனக்குத் தமிழில் சொல்லச் சொல்ல, அவனுடைய குரல் இறங்கிக்கொண்டே போனது.

றெபேக்கா சொன்னாள். யூலியன் அதை மொழிபெயர்க்கவில்லை. கொடி அவனுடைய கையில் இருந்து வாங்குக்குக் கீழே விழுந்தது. "அக்கா, என்ன சொல்லுறாள் இவள்? காலிலை உணர்ச்சி இல்லை எண்டுறாள். கனநாளா இல்லையாம். என்ன கதை இது?" என்று என் கையைப் பிடித்து உலுப்பினான். நான் அவனுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த உயரமான பெண் தலையை ஆட்டி, கல் நிற்கட்டும் என்பதுபோலக் கையைக் காட்டினாள். உல்ரீக்கே வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். றெபேக்காதான் குனிந்து, தும்புத்தடியால் அந்தக் கல்லைத் தானே தள்ளி, வட்டத்தை விட்டு ஓரத்துக்கு அனுப்பினாள். தெரியாவிட்டால் தள்ளவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, பிறகு விசாரித்துவிட்டேன். பிறகு வலது கை உறையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொருத்தியாகப் போய்க் கைகொடுத்தாள். தோற்றவர்கள் அப்படிக் கைகொடுப்பது இந்த விளையாட்டில் வழமை. ஒருத்திகூட அவளுடைய கையைச் சட்டென்று விடவில்லை.

யூலியன் தடுப்பைத் தாண்டிக் குதித்தான். தெருச் சப்பாத்தோடு பனியில் இறங்கி, இரண்டு தரம் விழுந்து எழும்பி அவளிடம் போனான். அவளைத் தாங்கிக்கொண்டு வந்தானா, தான் விழாமல் அவளைப் பிடித்துக்கொண்டு நடந்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

உடை மாற்றுகிற அறையில் எங்கள் மூவரையும் விட்டுவிட்டு மற்றப் பெண்கள் வெளியே போய்விட்டார்கள். றெபேக்கா வாங்கில் இருந்து தானே இரண்டு சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினாள். பாதத்தில் எண்ணெய் சுட்ட தழும்பு மட்டும் இருந்தது, வேறு காயம் இல்லை. பட்டதா இல்லையா என்று அதைப் பார்த்து ஒன்றும் சொல்லமுடியாது.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. பயம் வந்தால் எனக்கு ஆத்திரமாகத்தான் வரும். "ஒரு 'இல்லை' சொல்ல உனக்கு வாயிலை என்ன கொழுக்கட்டையே? ஆர் கண்டது? பட்டதெண்டு உனக்குமே தெரியாது!" என்று கத்தினேன்.

"தெரியாததை எப்பிடி மச்சாள் இல்லையெண்டு சொல்லுறது?" என்றாள். களைத்துப்போன குரல். "அவை நான் சொல்லுறதை நம்புவினம். அதாலைதான் சொல்ல ஏலாமல் போச்சு."

வாங்கில் பொத்தென்று இருந்துவிட்டேன்.

யூலியன் அவளுக்கு முன்னால் தரையில் முழங்காலில் நின்றான். அழுவான் என்று அவள் சொல்லியிருந்தாள், அவன் அழவில்லை. முகம் சாம்பலாய்ப் போயிருந்தது. "கண்ணை மூடும்" என்றான். அவள் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். அவன் இடது கால் பெருவிரலைப் பிடித்து அழுத்தினான்.

"தெரியுதே?"

"இல்லை."

பாதத்தின் மேலே அழுத்தினான். "இஞ்சை?"

"இல்லை."

கணுக்காலைப் பிடித்தான். "இல்லை" என்றாள். கீழ்க்காலின் நடுவில் பெருவிரலால் ஊன்றினான், நகம் பதிகிற மட்டும் ஊன்றினான். "இல்லை" என்றாள். "விரல் மட்டும் எண்டாயேடி" என்றேன். "அப்ப விரல் மட்டும்தான் மச்சாள்" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

முழங்காலுக்கு மேலே கை வந்ததும், "ஓம், ஓம், அங்கை தெரியுது" என்று அவசரமாகச் சொன்னாள். யூலியன் நெற்றியை அவளுடைய மடியில் வைத்துக்கொண்டான். முழங்கால் வரைக்கும்தானே, நாளைக்கே வைத்தியரிடம் போவோம், எத்தனையோ மருந்து இருக்கிறது என்று நான் என்பாட்டில் கதைத்துக்கொண்டே போனேன். அவளும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். எனக்குக்கூடக் கொஞ்சம் தெம்பு வந்தது.

யூலியன் தலையை நிமிர்த்தினான். கையைக் கீழே இறக்கினான்.

றெபேக்கா கொஞ்ச நேரம் பொறுத்தாள். கண் மூடியபடியே, அவனைத் தேற்றுகிறவள்போல மெல்லச் சிரித்தாள்.

"என்ன, நிற்பாட்டிப்போட்டியள்? மற்றக் காலையும் பிடிச்சுப் பாருங்கோவன். அது நல்லா இருக்கெண்டு உங்களுக்கும் மனம் ஆறும்" என்றாள்.

யூலியனின் இரண்டு கையும் அப்போது அவளுடைய வலது பாதத்தைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன.